பிறந்த ஊரும் பிறை கண்ட ஊரும்

ஆண்டுதோறும் வெளிவரும் பெருநாள் மலர்களில், கட்டுரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டுக் கவிதைகளையே முதலில் படிப்பது நமது வழக்கம். அவற்றுள் ஒருவகைக் கவிதை எந்த மலரிலும் இல்லாமற் போவதில்லை. கடல்கடந்த நாட்டிலிருந்துகொண்டு பெருநாளைப் பாடும் கவிதை அது. அதன் அமைப்பை வாசகர்களும் நன்கறிவார்கள். தக்பீர் முழக்கம் காதில் விழும். உடனே ஊர்ப் பள்ளியின் மினாரா நினைவில் எழும். புத்தாடை மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கும். உம்மாவின் கைமணம் நாசியில் ஏறும். இறுதியில் கவிஞர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணீர் வடிப்பார்.

இக்கவிதை பொய் என்று நாம் கூறமாட்டோம். கடற்கரை ஊர்களில் இத்தகையவரைச் சபுராளி என்று அழைப்பார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் சென்ற நம் முன்னோர்களுட் பெரும்பாலோர் தனியாகவே சென்றனர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களுள்ளும் பெரும்பகுதியினர் தனியர்களே. குடும்பத்தை அழைத்துக்கொள்ள இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று அந்நாடுகள் வரம்பு கட்டியிருக்கின்றன. கட்டடத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அவ்வரம்பு எட்டுவதில்லை. நால்வர் அறுவர் படுக்கும் அறையில் பெருநாளைக் கழிக்கும் அந்த மனிதர் போர்வைக்குள் அழுதால், அவ்வழுகையை எடைபோட நமக்கு உரிமையில்லை.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அண்மைக் காலத்தில் இக்கவிதையை எழுதுவோருட் பலர் தனியர்களல்லர். மனைவியோடும் மக்களோடும் அந்நாட்டிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருப்பவர்கள். அடுத்த அறையில் பிள்ளைகள் உடுத்து நிற்கிறார்கள். அடுப்பில் சோறு வேகிறது. கவிதையிலோ பிள்ளைகளும் இல்லை, அடுப்பும் இல்லை. தனியனின் பாட்டைக் குடும்பஸ்தர் இரவல் வாங்கிப் பாடுகிறார். எழுதும் கைக்கும் வாழும் வீட்டுக்கும் இப்படியொரு விலகல் நேர்ந்தால், அதைச் சுட்டிக்காட்டுவது விமர்சகனின் கடமையாகும்.

இவ்விலகலுக்கு இலக்கிய மரபும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். நம் கவிஞர்கள் கையில் இரண்டு பழைய வார்ப்புகள் உள்ளன. ஒன்று தமிழ் தந்தது. மற்றொன்று அரபி தந்தது.

பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணையில் வைத்துப் பாடியது தமிழ். தலைவன் போகிறான், தலைவி இருக்கிறாள். கடல்வழிச் செல்லும் பிரிவு பெண்ணோடு கூடி நிகழ்வதில்லை என்ற கருத்தில் தொல்காப்பியத்து அகத்திணையியலில் ஒரு நூற்பாவே உண்டு. ஆக, கடல் கடப்பவன் தனியன் என்பது நம் இலக்கணம் வகுத்த நாளிலிருந்தே வரும் வழக்கு. குடும்பமே கடல்கடந்து குடியேறும் நிலைக்குத் துறை வகுக்க வேண்டிய தேவை அன்றிருந்தோருக்கு ஏற்படவில்லை.

அரபி தந்த வார்ப்பு முதனப்பியுடையது. மதரஸாக்களில் இலக்கியம் ஓதியவர்கள் அவருடைய பெருநாள் கஸீதாவை அறியாதிருக்க முடியாது. கூஃபாவிற் பிறந்த அப்பெருங்கவிஞர் மிஸ்ரு நாட்டில் காஃபூரின் அரசவையை அண்டிப் பல ஆண்டுகள் காத்திருந்து, எண்ணிய பதவி கிட்டாமல் ஹிஜ்ரி 350ஆம் ஆண்டு (கி.பி. 962) ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய நாளன்று அந்நாட்டை விட்டு நீங்கினார். அப்போது பாடியது அது. ஈத் என்ற சொல் மீளுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்பது அகராதி ஆசிரியர்களின் கூற்று. ஆண்டுதோறும் தவறாமல் மீளும் நாளைப் பார்த்து, மீள முடியாதவன் பேசுகிறான் என்பதில்தான் அப்பாடலின் முதற்பகுதியுடைய வலிமை அடங்கியிருக்கிறது. தொலைவிலுள்ள அன்பர்களைப் பற்றிச் சிறிது பேசுகிறார். அதன்பின் பாடல் வசையாக மாறிவிடுகிறது. காஃபூரின் நிறத்தையும் அவர் அடிமையாயிருந்த பழைய நிலையையும் குத்திக்காட்டும் அடிகளைப் பாடஞ்சொல்லும் போதெல்லாம் நமக்குக் கூச்சமே மேலிட்டிருக்கிறது. பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசை கேட்டு வளர்ந்த சமுதாயத்தின் மாபெருங் கவிஞர் அப்படிப் பாடியிருக்க வேண்டாம். கவிதையின் வனப்பு அக்குறையை மறைத்துவிடாது.

அவருக்கு முஹஸ்ஸத் என்றொரு மகன் இருந்தார். கி.பி. 965இல் வழிமறித்தோரால் முதனப்பி கொல்லப்பட்டபோது அம்மகனும் உடன் கொல்லப்பட்டார். ஆனால் பெருநாளைப் பாடிய அந்தக் கஸீதாவில் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெருநாள் அவருக்குத் தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவே பயன்பட்டது. நம் மலர்க் கவிஞர்கள் அவருடைய பெருமிதத்தையும் சொல்லாற்றலையும் பெறவில்லை. அந்தக் கண்ணாடியை மட்டும் பெற்றுக்கொண்டார்கள்.

நிற்க. அரபியிலேயே வேறொரு பெருநாள் பாடல் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

அந்தலூஸில் இஷ்பீலிய்யாவை ஆண்ட முஃதமித் இப்னு அப்பாத் அரசரும் கவிஞருமாக விளங்கியவர். கி.பி. 1091இல் முராபித்துகளின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷுஃபீன் அவரது ஆட்சியைப் பறித்து, கடலுக்கு இப்பால் மொராக்கோ நாட்டில் மர்ராகுஷுக்கு அருகிலுள்ள அக்மாத் என்னும் ஊரில் கொண்டுபோய்ச் சிறை வைத்தார். 1095இல் அங்கேயே முஃதமித் மறைந்தார். மனைவி மக்களும் அவ்வூரிலேயே வறுமையில் உழன்றனர். பெண்மக்கள் கூலிக்கு நூல் நூற்றார்கள். அவர்களுள் ஒருத்தி, ஒருகாலத்தில் தன் தந்தையிடம் காவல்துறைத் தலைவராக இருந்தவரின் வீட்டுக்கே நூல் நூற்றுக் கொடுத்தாள் என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார்.

ஓர் ஈதுல் ஃபித்ரு நாளில் அப்பெண்மக்கள் தந்தைக்குப் பெருநாள் வாழ்த்துக் கூற வருகிறார்கள். கந்தல் உடை, செருப்பில்லாத கால், சேறு. அவர்களைக் கண்டு முஃதமித் பாடியதே நாம் குறிப்பிடும் பாடல். மலர்க் கவிதை எழுதுவோர் இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

பாடலில் பிள்ளைகளின் கால்கள் இருக்கின்றன. ஊரை இழந்ததையும் ஆட்சியை இழந்ததையும் பற்றி எவ்வளவோ புலம்பியிருக்கக்கூடிய ஓர் அரசர், சேற்றில் பதிந்த அக்கால்களைப் பார்க்கிறார். கஸ்தூரியும் காஃபூரும் மிதித்த கால்கள் அவை என்று நினைவுகூர்கிறார். இது வெறும் உயர்வு நவிற்சியன்று. ஒரு பழைய நிகழ்ச்சி இதற்குள் இருக்கிறது. இஷ்பீலிய்யாவில் பெண்கள் சிலர் சேறு மிதிப்பதைக் கண்ட அரசி இஃதிமாத், தானும் அவ்வாறு மிதிக்க ஆசைப்பட்டார். கஸ்தூரியையும் அம்பரையும் காஃபூரையும் பன்னீரில் குழைத்துச் சேறாக்கி அரண்மனையில் பரப்பச் செய்தார் முஃதமித். மக்கரீயின் நஃப்ஹுத் தீபில் இக்கதை வருகிறது. (நம் கற்பூரமே அரபியில் காஃபூர். முதனப்பியின் பாடலிலும் அச்சொல் உண்டு. அங்கே அது ஓர் ஆளுநரின் பெயர், அதையும் இழிவு தோன்றச் சிறுமைப்படுத்திக் கூறுகிறார் கவிஞர். ஒரே சொல் இரண்டு பெருநாள்களில் எப்படி வேறுபட்டு மணக்கிறது என்பதை அரபி ஓதுவோர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.) பழைய ஊர் இப்பாடலில் வருகிறது, ஆயினும் பிள்ளைகளின் காலடி வழியாகவே வருகிறது.

அடுத்து, அவர் யாரிடம் பேசுகிறார் என்பதைக் காணவேண்டும். தம்மைத் தாமே முன்னிலைப்படுத்தி, நீ என்று விளித்துப் பேசுகிறார். வாழ்த்துச் சொல்ல வந்த மகளிடம், இதுவும் ஒரு பெருநாளா என்று அவர் சொல்லவில்லை. துயரம் அவருக்குள்ளேயே நிற்கிறது. ஃபித்ரு என்னும் சொல்லுக்குரிய வேரில் பிளத்தல் என்ற பொருளும் உண்டு. நோன்பு திறப்பையும் ஈரல் பிளப்பையும் ஒரே சொல்லில் இணைத்து அவர் ஓரிடத்தில் கூறுவது சொல்விளையாட்டுத்தான். படிப்பவர் எவரும் அதை விளையாட்டாகக் கொள்வதில்லை.

இன்னொன்று, பிள்ளைகள் எல்லாரும் ஒருவரே போல்வர் என்று அவர் எண்ணவில்லை. காலில் பூட்டிய விலங்கைப் பற்றிய மற்றொரு பாடலில் சிறுவன் அபூஹாஷிமும் அவன் தங்கையரும் வருகிறார்கள். அங்கே விவரம் தெரிந்த பிள்ளையின் அழுகை வேறு, பாலுக்கன்றி வேறெதற்கும் வாய் திறக்கத் தெரியாத பிள்ளையின் நிலை வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். இத்தகைய கண் நம் மலர்க் கவிதைகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

பெருநாள் பாடலின் முடிவை மட்டும் நாம் பாராட்ட இயலாது. ஆட்சியிலிருந்து மகிழ்வோர் கனவில் ஏமாறுகின்றனர் என்ற உபதேசத்தில் அது முடிகிறது. அவ்வுபதேசம் எந்த அரசனைப் பற்றியும் எழுதத் தக்கது. சேற்றில் நின்ற அந்தப் பிள்ளைகள் பாடல் முடிவதற்கு முன்பே நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

இப்போது நம் காலத்துக் குடும்பங்களுக்கு வருவோம். இவர்கள் முஃதமிதைப் போன்ற கைதிகளல்லர். விருப்பத்தோடு சென்றவர்கள், உண்ண உடுக்கக் குறைவில்லாதவர்கள். ஆயினும் பெருநாளன்று அவ்வீடுகளில் நடப்பது என்ன? விடிந்ததும் தொழுகை முடிந்துவிடும். எட்டு மணிக்குள் வீடு திரும்புவார்கள். அதன்பின் தந்தை ஊருக்குத் தொலைபேசியில் அழைப்பார். இக்காலத்தில் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பேசி முடித்துப் பெருமூச்செறிந்து, "இதெல்லாம் என்ன பெருநாள்! பெருநாள் என்றால் நம் ஊர்ப் பெருநாள்தான்" என்பார். கவிதை எழுதாத தந்தையரும் இக்கவிதையைச் சொல்லிவிடுகிறார்கள். மலர்களின் வாயிலாக நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வசனம் இது. கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கோ அந்தப் பெருநாளைத் தவிர வேறு பெருநாள் தெரியாது. அவன் அவ்வூரிற் பிறந்தவன். அவன் கையிலுள்ள பெருநாள் காசும், உடுத்திய உடையும், தின்ற வட்டலப்பமும் மாற்றுக் குறைந்தவை என்று ஆண்டுக்கு இருமுறை அவனுக்குச் சொல்லப்படுகிறது. இவ்வாறு கேட்டு வளர்ந்தவன் தன் பிள்ளைக்கு எந்தப் பெருநாளைக் கொடுப்பான்? தந்தை பறிகொடுத்ததாகச் சொல்லும் ஊரை அவன் பெற்றதே இல்லை. பெற்ற ஊரோ பெருநாளுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்திருக்கிறான்.

நம் மார்க்கச் சட்டங்கள் இவ்விஷயத்தில் கவிஞர்களைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஓரூரில் சென்று இறங்கிய நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத்து வைத்தவர் ஷாஃபிஈ மத்ஹபில் முகீம். ஹனஃபீ மத்ஹபில் அதற்குப் பதினைந்து நாள். பத்தாண்டு குடியிருப்பவர் இதை நன்கறிந்து தொழுகையைச் சுருக்காமல் முழுமையாகத் தொழுகிறார். தொழுகையில் முகீமாக இருப்பவர் கவிதையில் மட்டும் முஸாஃபிராகவே இருக்கிறார்! ஃபித்ராவையும் பாருங்கள். பால்குடிப் பிள்ளையின் பேரிலும் அது கணக்கிடப்படுகிறது. ஒவ்வொருவரும் பெருநாள் இரவு தொடங்கும் வேளையில் எந்த ஊரில் இருக்கிறாரோ அவ்வூரின் பிரதான உணவிலிருந்து ஒரு ஸாஉ. அவ்வூரின் ஏழைக்கே அது சேரவேண்டும் என்பதே ஷாஃபிஈ நூல்களில் வலுவான சொல். அந்தப் பிள்ளையின் பெருநாள் எந்த ஊரைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு இதற்குமேல் என்ன விடை வேண்டும்?

பிறை விஷயமும் அப்படியே. பெரும்பாலான ஆண்டுகளில் வளைகுடா நாடுகளில் பெருநாள் ஒருநாள் முந்திவிடுகிறது. நம்மிடம் ஓதி, இப்போது ஷார்ஜாவில் கணக்கராகப் பணியாற்றும் ஒருவர் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி கண்டோம். பெருநாள் காலையில் ஊருக்குப் பேசியபோது பாட்டி இன்னும் நோன்பிலிருப்பதை அறிந்த அவருடைய ஏழு வயது மகள், "நன்னிக்கு யாரும் சொல்லலையா வாப்பா, இன்னைக்குப் பெருநாள்னு?" என்று கேட்டாளாம். நமக்கு உடனே குறைப் (ரஹ்) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. உம்முல் ஃபள்ல் (ரலி) அவர்கள் அவரை ஷாமுக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளி இரவில் பிறை கண்டு நோன்பு தொடங்கிய அவர், மாதக் கடைசியில் மதீனா திரும்பியபோது, அங்குள்ளோர் சனி இரவில் கண்டதை அறிந்தார். முஆவியா (ரலி) அவர்கள் கண்ட பிறை போதாதா என அவர் வினவ, போதாது, நாங்கள் முப்பது நிறைவாகும்வரை அல்லது பிறையைக் காணும்வரை நோற்போம் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது. பிறைச் சர்ச்சையில் இரு தரப்பாரும் எடுத்தாளும் ஹதீஸ் இது. அச்சர்ச்சைக்குள் நாம் இப்போது நுழையவில்லை. இரண்டு பிறைக்கு நடுவே நின்ற ஒரு பயணியை இதில் காண்கிறோம் என்பதே நம் கருத்து. ஷாமின் பிறை பொய் என்றோ மதீனாவின் பிறை பொய் என்றோ அங்கு யாரும் கூறவில்லை. அந்த ஏழு வயதுச் சிறுமியின் கேள்வியில் ஒரு நல்ல கவிதை இருக்கிறது. அவள் தந்தை அதைக் கடிதத்தின் அடிக்குறிப்பாக எழுதிவிட்டு, மேலே இரண்டு பக்கம் ஊரை நினைத்து உருகியிருந்தார்.

தமிழில் இதற்கு இடமில்லாமற் போகவில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை இஸ்லாமியப் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். அதில் அம்புலிப் பருவம் என்று ஒன்றுண்டு. பிள்ளையோடு விளையாட வா என்று நிலவை அழைப்பது. பிள்ளையை நடுவில் வைத்து நிலவைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த மொழி நம்முடையது. பெருநாள் பிறையைப் பாடும்போது மட்டும் பிள்ளையை விலக்கிவிட்டுத் தந்தை ஏன் தனியாக மாடியில் நிற்கவேண்டும்?

வெளிநாட்டுப் பெருநாளில் பாடத்தக்கது ஒன்றுமில்லை என்பாரும் உளர். அவர்கள் கண்ணைத் திறந்து பார்க்கட்டும். குவைத்தில் ரமலான் நடுப்பகுதி இரவுகளில் சிறுவர்கள் கர்கீஆன் என்று கூறி வீடு வீடாகச் சென்று பாடி, பருப்பும் மிட்டாயும் பெறுவார்கள். அடுத்த வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும் பை தைத்துக்கொண்டு உடன் போகிறது. நம் ஊர்களிற் பலவற்றில் பெருநாள் தொழுகைக்குப் பெண்கள் திடலுக்குச் செல்லும் வழக்கம் இருந்ததில்லை. பிற்காலச் சட்ட அறிஞர்கள் சிலர் காலநிலை கருதி அதை விரும்பாததும் உண்டு. ஆனால் கன்னிப் பெண்களையும் திரைமறைவிலுள்ளோரையும் தொழுகையில்லாத நிலையிலுள்ளோரையும்கூடப் பெருநாள் திடலுக்கு அழைத்துவருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வளைகுடாத் திடல்களில் உம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தக்பீர் கேட்கும் நம் சிறுமிக்கு, ஊரிலிருக்கும் அவள் வயதுச் சிறுமி பெறாத ஒன்று கிடைக்கிறது. இதைப் பாடிய தமிழ்க் கவிதை ஒன்றும் இதுவரை நம் கண்ணிற் படவில்லை.

ஊரை மறந்துவிடச் சொல்கிறோம் என்று யாரும் கருதிவிடவேண்டாம். பாட்டியின் மடி வேண்டாமென்று சொல்ல யாரால் முடியும்? ஊர்ப் பெருநாளைக் கதையாகச் சொல்லலாம், விரிவாகவே சொல்லலாம். கதையாகச் சொன்னால் பிள்ளை வாங்கிக்கொள்ளும். ஒப்பிட்டுச் சொன்னால் தான் குறைந்துபோனதாக எண்ணும். முஃதமித் கஸ்தூரிச் சேற்றை நினைத்தது அந்தக் கால்களின் மேலிருந்த அன்பினால் என்பதை நாம் மறக்கலாகாது.

முஃதமிதின் பாடலில் பிள்ளைகள் வருகிறார்களே தவிர, அவர்கள் பேசுவதில்லை. ஆயினும் அவருடைய மகள் ஒருத்தியின் குரல் வேறு வழியில் நமக்குக் கிட்டியிருக்கிறது. இஷ்பீலிய்யா வீழ்ந்த அன்று அரண்மனைக் கொள்ளையில் அகப்பட்ட புதைனா என்ற மகள், இன்னாரென்று அறியப்படாமல் அடிமையாக விற்கப்பட்டாள். வாங்கிய வணிகர் அவளைத் தம் மகனுக்குக் கொடுத்தார். அப்போதுதான் அவள் தன் குலத்தை வெளிப்படுத்தி, தந்தையின் சம்மதத்தோடு நிக்காஹ் நடந்தாலன்றி இணங்கேன் என்று உறுதியாக நின்றாள். அக்மாத்திலிருந்த தந்தைக்குக் கவிதையாகவே கடிதம் எழுதினாள். மகள் உயிரோடிருக்கிறாள் என்பதே பெற்றோருக்கு அக்கடிதத்தால்தான் தெரிந்தது. தந்தை சம்மதித்து விடை எழுதினார். இதையும் மக்கரீயே பாதுகாத்துத் தந்திருக்கிறார். கடல் நடுவே கிடக்க, தந்தையும் மகளும் ஒரே மொழியில், ஒரே யாப்பு மரபில் பேசிக்கொண்டார்கள்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுட் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, எழுத வருவதில்லை. பள்ளியில் வேறு மொழிகள் படிக்கிறார்கள். வீட்டில் எழுதப் பழக்குவோர் சிலரே. இந்நிலையில் மலர் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். அடுத்த பெருநாள் மலரில் தந்தையரின் கவிதைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டைக் குறைத்து, அப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தாங்கள் கொண்டாடிய பெருநாளை அவர்களே எழுதட்டும். றகர ரகரப் பிழையோடு வரும். அரபிச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து வரும். திருத்தாமல் அச்சிடுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல உம்மா எழுதி அனுப்பலாம். அனுப்புமுன் அதை அழகுபடுத்தாமலிருந்தால் போதும்.